இடித்த வீட்டு ஓடும் கரம்பை மண்ணும்

(பாளையங்கோட்டையில் வீட்டுத்தோட்ட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆனி மாதம் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேட்டுப்பாத்தி. தரைக்கு மேலே ஏறத்தாழ ஓர் அடி உயரம் கரை கட்டி, அதற்குள் நல்ல மண்ணை நிரப்பி, காய்கறி போடுவது. அந்தக் கரையையும் காசு கொடுத்து வாங்காமல், நம் ஊரில் வீணாகக் கிடக்கிற பொருளைக் கொண்டே கட்டுவது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இந்தத் தாமிரபரணிக் கரையில் இன்று புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தேவைப்படுகிற விஷயம்.

ஏன் தேவை? உங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். என்ன வருகிறது? நஞ்சை வயல் மனையாகிப்போன இடமாக இருந்தால், மேலே இரண்டடி கிராவல். அதற்கு அடியில் நெல் விளைந்த களிமண், லாரி ஏறி இறங்கி இறுகிக் கிடக்கும். பாளையங்கோட்டை மேட்டுப் பக்கமாக இருந்தால் சரளும் சுக்கானும். கடப்பாரை ‘டங்’கென்று திரும்பி வரும். இரண்டும் இல்லாவிட்டால் வீடு கட்டியபோது கொத்தனார் கொட்டிவிட்டுப் போன ரப்பீஸ். சிமெண்டுப் பூச்சும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண்ணில் செடி வைத்தால், துளிர் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நாம் ‘செடிக்குச் சத்துப் போதவில்லை’ என்று மேலும் உரத்தைப் போடுவோம். சத்துக் குறைவில்லை, மண்ணில் சுண்ணாம்பு ஏறியதால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை. இந்த மண்ணோடு மல்லுக்கட்டி என்ன பயன்? அதை அப்படியே கீழே விட்டுவிட்டு, அதற்கு மேலே நமக்கென்று ஒரு மண் செய்துகொள்வோம். அதுதான் மேட்டுப்பாத்தி.

இது ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் ஆத்தூருக்கு அழைக்கிறேன். தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், முக்காணிக்கு அருகே இருக்கிற ஆத்தூர். அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு கொடிக்காலுக்குள் நுழைந்து பாருங்கள். முதலில் அகத்தியை விதைத்து, அது ஆள் உயரம் வளர்ந்த பிறகு அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடி நிற்பது மேட்டில். மேட்டுக்கு இருபுறமும் வாய்க்கால். வெற்றிலைக்கு ஈரம் குறையவும் கூடாது, வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. ஒரு நாள் வேர் நீரில் நின்றால் அழுகல் நோய் கொடியைக் கொண்டுபோய்விடும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்க நம்முடைய முன்னோர் கண்ட வழி என்ன? மண்ணை மேலே ஏற்றினார்கள், தண்ணீரைக் கீழே நிறுத்தினார்கள். மிளகாய் நாற்றுக்கு மேட்டுப்பாத்தி, கிழங்குக்கு வரப்பு, வெற்றிலைக்கு மேடு. ஆற்றுப் பாசனத்தில் வாழ்ந்தவர்களுக்கு உயரத்தின் அருமை தெரியும். வயலில் இருந்த அந்த அறிவை வீட்டுப் புறவாசலுக்குக் கொண்டுவருவது மட்டுமே நம் வேலை.

வேருக்கு உயரம் எதற்கு? வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. நல்ல மண் இட்லியைப் போல உள்ளுக்குள் கண் கண்ணாக இருக்க வேண்டும். பாதிக் கண்ணில் ஈரம், பாதிக் கண்ணில் காற்று. களிமண்ணில் மழை பெய்தால் எல்லாக் கண்ணும் தண்ணீரால் அடைபடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் வெயில் அடித்ததும், தக்காளிச் செடியும் மிளகாய்ச் செடியும் துவண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி வாடுகிறது! வேர் மூச்சுத் திணறியதால் வந்த வாட்டம் அது. பாத்தி ஓர் அடி உயர்ந்திருந்தால் மேல் மண்ணின் மிகை நீர் தானே வடிந்திருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு எந்தப் பாத்தியும் தாங்காது. அதை நான் சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு ஓர் அடி மேடு தாங்கும்.

சரி, கரையை எதனால் கட்டுவது?

கண்ணைத் திறந்து தெருவைப் பாருங்கள். திருநெல்வேலி டவுனிலும் அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இடிக்கிற வீட்டில் தேக்குக் கதவையும் கல்தூணையும் வியாபாரி வாங்கிப் போகிறார். மிஞ்சுவது என்ன? சீமை ஓடு, நாட்டோடு, பனங்கை, பழைய செங்கல், மண்சுவர் இடிந்த மண். இந்த ஐந்தையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வாய்க்கால் ஓரத்தில் கொட்டுகிறோம். குளத்தில் கொட்டுகிறோம். ஐயா, ஒரு தோட்டத்தையே அல்லவா கொட்டுகிறோம்!

சீமை ஓட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் ஓடு ஏறத்தாழ 16 அங்குல நீளம், 9 அங்குல அகலம். எட்டடிக்கு நாலடி பாத்திக்குச் சுற்றளவு 24 அடி. ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் சற்று ஏறி உட்கார வைத்தால் 35 ஓடு போதும். முதலில் கயிறு பிடித்து நாலு மூலையிலும் முளை அடியுங்கள். கயிற்றை ஒட்டி மம்பட்டியால் ஒரு சாண் அகலத்துக்கு, ஐந்தாறு அங்குல ஆழத்துக்குச் சின்னச் சாலாக எடுங்கள். சுக்கானாக இருந்தால் முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டு ஊறப் போடுங்கள். ஓட்டை அந்தச் சாலில் செங்குத்தாக இறக்கி, உட்புறமாக மிகச் சிறிதளவு சாய்த்து, இருபக்கமும் மண் தள்ளிக் காலால் மிதியுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். பத்து அங்குலம் வெளியே நிற்கும். மண்ணை ஒரே நாளில் முழுக்க நிரப்பிவிடாதீர்கள். பாதி நிரப்பி, தண்ணீர் விட்டு, மண் அமர்ந்த பிறகு மீதி. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் இருக்கிற ஓடு வயிறு தள்ளும். சுட்ட மண் என்பதால் வெயிலில் ஓடு கொதிக்காது, வேரைச் சுடாது. என்னைக் கேட்டால், நம் வட்டாரத்துக்கு இதைவிடச் சிறந்த கரை கிடையாது.

அடுத்தது பனங்கை. வைரம் பாய்ந்த கறுப்புப் பனையைக் கரையான் எளிதில் தொடாது. கூரையைத் தாங்கிய மரம் பாத்தியையும் பல ஆண்டு தாங்கும். உள்பக்கச் சோற்றுப் பகுதியை மட்டும் செதுக்கி எடுத்துவிடுங்கள், கரையான் அங்கேதான் நுழையும். ஆனால் பாத்திக்காக ஒரு பனையை வெட்டலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். இடித்த வீட்டில் கிடைக்கிற கை, காற்றில் விழுந்த தடி, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம், ஏரல், களக்காடு பக்கம் இருக்கிறவர்களுக்கு ஓடும் வேண்டாம், கையும் வேண்டாம். தார் வெட்டிய வாழை இருக்கிறதே! ஒரு வாழை ஒரு தார்தான் தரும். அதன் பிறகு தடியை வெட்டிப் போடுகிறோம். அந்தத் தடியைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கிடத்தி, வெளியே முளை அடித்து, உள்ளே மண் நிரப்பினால் ஒரு பருவத்துக்குக் கீரைப் பாத்தி தயார். தடி முழுக்கத் தண்ணீர், சாம்பல் சத்து. நாலைந்து மாதத்தில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். பிரித்துப் போட வேண்டிய வேலைகூட இல்லை. ஒன்றே ஒன்று: வாழைத் தோப்பை ஒட்டி இதைச் செய்யாதீர்கள். வெட்டிப் போட்ட தடியில் தண்டுக் கூன்வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற வாழைக்குத் தாவும்.

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர் மரக்கடைகளில் பேலட் எனப்படும் சரக்குத் தட்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன்னால் அதில் சுட்டிருக்கிற முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது, வேண்டாம். முத்திரையே இல்லை என்றாலும் வேண்டாம்.

எதை எல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? இதைச் சற்று அழுத்திச் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக விஷத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஊரெல்லாம் கிடக்கிறது. நிறுத்தினால் அழகாக நிற்கும். அதை அறுத்தாலும் உடைத்தாலும் கிளம்புகிற தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தொடவே தொடாதீர்கள். பூச்சிமருந்து வந்த டிரம் வேண்டாம். பழைய பெயிண்ட் உரிந்த கதவு வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் உண்டு. தார் எண்ணெய் ஊறிய ரயில்வே சிலீப்பர் கட்டை வேண்டாம். டயர் கறுப்பு, நம் சித்திரை வெயிலில் வேரை வேகவைக்கும். மழைக்காலத்தில் உள்மடிப்பில் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசுவை வளர்க்கும். யூரியாச் சாக்கு ஒரு வெயிலுக்குத் தாங்கும். அடுத்த வெயிலில் நூல் நூலாகப் பிய்ந்து மண்ணோடு கலந்துவிடும், பொறுக்கி எடுக்க முடியாது.

கிடைத்த பொருளைக் கொண்டு பாத்தி கட்டுவதை உலகத்தில் ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அதுவரை அங்கிருந்து எண்ணெயும் உரமும் பெற்றுவந்த கியூபா ஒரே அடியில் தனித்து நின்றது. டிராக்டருக்கு டீசல் இல்லை, வயலுக்கு உரம் இல்லை, கடையில் காய்கறி இல்லை. தலைநகரம் ஹவானாவில் மக்கள் என்ன செய்தார்கள்? காலி மனைகளில், கட்டடம் இடிந்த இடங்களில், கிடைத்த கல்லையும் ஓட்டையும் தகட்டையும் கொண்டு தாழ்வான கரை கட்டி, மக்கிய உரமும் மண்ணும் கலந்து நிரப்பினார்கள். ஆர்கனோபோனிகோ என்று அதற்குப் பெயர். அந்த நகரம் தனக்கு வேண்டிய கீரையையும் காயையும் தன் நடுவிலேயே விளைவித்துக்கொள்ளக் கற்றது. அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் வந்த அறிவு அது. நமக்கு அந்த நெருக்கடி வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

இப்போது நான் இங்கே வந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். கரை எதுவாகவும் இருக்கட்டும். மண் மண்ணாக இருக்கட்டும். பாத்தி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கரைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே லாரிக்காரர் தந்த ஏதோ மண்ணை நிரப்புகிறார்கள். செடி கரையில் வளருவதில்லை.

எட்டுக்கு நாலு பாத்தியில் ஓர் அடி ஆழத்துக்கு 32 கன அடி. கடையில் யூனிட் கணக்குச் சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஆக மூன்றில் ஒரு யூனிட் மண். அவ்வளவும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அடியில் பாதிக்கு மக்கக்கூடியதை நிரப்புங்கள். முதல் அடுக்கு தேங்காய் மட்டை. மட்டையைக் கவிழ்க்காதீர்கள், குழிவான பக்கம் வானத்தைப் பார்க்க வையுங்கள்; விடுகிற தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தென்னந்தோப்பில் மட்டை புதைக்கிறவர்கள் இப்படித்தான் புதைக்கிறார்கள். அதன்மேல் பிளந்த வாழைத்தடி, வேப்பஞ்சருகு, வைக்கோல், ஒரு கூடைச் சாணியைக் கரைத்த கரைசல். பச்சையான தேங்காய் நார்த்தூளை மட்டும் அப்படியே அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் நூறு பங்குக்கு மேல். மக்குவதற்கு அது செடியின் தழைச்சத்தையே பிடுங்கும். மக்கிய நார்த்தூளாக இருக்கட்டும்.

மேல் பாதிக்குக் குளத்து வண்டலான கரம்பை ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. இடித்த மண்சுவர் கிடைத்தால் செம்மண்ணுக்குப் பதில் அதையே உடைத்துப் போடுங்கள். குளத்துக் கரம்பைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குளமும் ஆழமாகும், பாத்தியும் நிறையும். மண் இறுக்கமாகத் தெரிகிறதா? அரிசி ஆலையில் உமிச்சாம்பல் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். ஆற்று மணலைக் கேட்காதீர்கள். ஒரு சட்டி மணல் என்றாலும் கேட்காதீர்கள். இந்த ஆற்றின் மணலுக்காக இந்த மண்ணின் மைந்தர், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு நீதிமன்றம் ஏறினார். 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அப்படிக் காப்பாற்றிய மணலைத் தோட்டம் என்ற பெயரால் நாம் அள்ளலாமா?

மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பீடி இலை வெட்டியது போக மிஞ்சும் துணுக்கை அடுப்பில் போடுகிறீர்கள். அது அடி அடுக்குக்கு நன்றாக மக்கும். ஆனால் புகையிலைத் தூளைப் பாத்திக்குள் விடாதீர்கள். தக்காளியும் மிளகாயும் கத்தரியும் புகையிலையின் சொந்தக்காரர்கள். புகையிலையில் இருக்கிற தேமல் நோய்க் கிருமி, தூள் ஒட்டிய கை வழியாகவே அந்தச் செடிகளுக்குப் போகும். செடியைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.

அகலம் நாலடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு எட்ட வேண்டும். சுவரை ஒட்டிய பாத்தி என்றால் இரண்டடி. பாத்திக்குள் ஒருபோதும் காலை வைக்காதீர்கள். மிதித்த இடத்தில் காற்றுக் கண் மூடிப்போகும். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மொட்டை மாடியில் கட்டலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பாத்தியைக் கட்டக் கூடாது. நாம் ஏறி நடமாடுகிற மாடித் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ஓர் அடி ஈர மண் அதே சதுர மீட்டரில் 500 கிலோவைத் தாண்டும். நான் சொன்ன எட்டுக்கு நாலு பாத்தி மழையில் நனைந்தால் ஒன்றரை டன். மாடிக்குப் பையும் நார்த்தூளும் போதும். மேட்டுப்பாத்தி தரைக்கு உரியது.

உயர்ந்த மண் சீக்கிரம் காயும், அதையும் மறைக்க மாட்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் பாய்கிற ஆனி, ஆடிக் காற்று இருக்கிறதே, அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதனால் மண்ணைக் கரை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். அதன்மேல் மூடாக்குப் போடுங்கள். 1960-களில் நம் பக்கத்துக் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா, பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதைத்தான்: மண்ணை வெறும் உடம்பாக வெயிலில் போடாதீர்கள். சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, எது கிடைத்தாலும் நாலு விரற்கடை. முதல் வருஷம் அடி அடுக்கு மக்க மக்கப் பாத்தி இறங்கும். பயப்பட வேண்டாம், தொழுவுரம் போட்டு நிரவிக்கொள்ளுங்கள்.

முதல் பாத்தியில் என்ன போடுவது? கீரை போடுங்கள், வெண்டை போடுங்கள், சீனி அவரை போடுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் ஒரு மூலையைச் சிறுகிழங்குக்கு ஒதுக்குங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். நம் வீட்டில் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் உண்டா? பொங்கலுக்கு முந்தின வாரம் சந்தையில் விலை கேட்டுத் திகைத்து நிற்கிறோமே, அந்தக் கிழங்குக்கு வேண்டியது இந்தப் பொலபொலப்பான மேட்டு மண்தான். களிமண்ணில் போட்டால் கோணலும் மாணலுமாக, கழுவ முடியாமல் வரும். பொலபொலத்த மண்ணில் உருண்டு திரண்டு வரும். சாக்கில் போட்டுத் தரையில் நாலு அடி அடித்தால் தோல் கழன்றுவிடும். ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ ஒரு சாண் நீளக் கொடியைக் கிள்ளி, முக்கால் அடிக்கு ஒன்றாக, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் தை பிறக்கும்போது தோண்டலாம். இன்றிலிருந்து கணக்குப் பார்த்தால் கரை கட்டவும், அடி அடுக்கு ஒரு மாதம் மக்கவும் சரியாக நேரம் இருக்கிறது.

என் நாற்றங்காலில் போட்ட கிழங்கு இப்போது கொடி ஓடிக்கொண்டிருக்கிறது. பாத்தி கட்டி முடித்தவர்கள் ஆடிப் பதினெட்டு கழிந்து வாருங்கள், ஆளுக்கு ஒரு கட்டுக் கொடி தருகிறேன். விலை கிடையாது. தையில் தோண்டும்போது நாலு கிழங்கை விதைக்கு எடுத்து வைத்து, அடுத்த ஆண்டு நீங்களும் இன்னொருவருக்குக் கொடி கொடுக்க வேண்டும், அது மட்டுமே நான் கேட்பது.